தள்ளுபடி டேப்பும் ஃபாரின் வாசமும்

தேவிபட்டினத்தில் வந்து காஜா நவாஸ் வீடு எது என்று கேட்டால், எந்த நவாஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். ஆஃபர் நவாஸ் என்று சொன்னால் போதும், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருஷமாகச் சவூதியில், தம்மாமில் ஒரு கட்டடச் சாமான் குடோனில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறார். முழு விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கிய பாவத்தை அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் ஒருமுறைகூடச் செய்ததில்லை. அறையில் கூட இருப்பவர்கள் பேப்பர் படிப்பார்கள். நவாஸ் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ் படிப்பார். பழைய விலையை அடித்துப் பக்கத்தில் புது விலை போட்டிருப்பதைப் பார்த்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட அந்த வெளிச்சம் இல்லை என்பது மனைவி மெஹருன்னிசாவின் புகார்.

அந்த வெளிச்சத்தின் விளைவுகள் வீடு முழுக்கக் கிடக்கின்றன. பிளாஸ்க் வாங்கினால் பிளாஸ்க் இலவசம் என்று வந்த நாலு பிளாஸ்க். மெஹருன்னிசா ஏற மறுக்கும் எடை மெஷின். சுவரில் தொழுகைக்கு அழைக்கும் ஒரு பாங்கு கடிகாரம். அது நேரம் தவறாமல் பாங்கு சொல்லும். ஆனால் தம்மாம் நேரத்துக்குத்தான் சொல்லும். ஊரெல்லாம் மத்தியான லுஹர் தொழுது, சாப்பிட்டு, கண்ணசரும் நேரத்தில் இது லுஹருக்குக் கூப்பிடும். ஊர் மாற்றுவது எப்படி என்று அச்சடித்த தாள் அந்த ஆஃபரில் சேரவில்லையாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பெட்டியைப் பிரிப்பது எங்கள் கடற்கரை ஊர்களில் சின்ன விஷயம் இல்லை. சொந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை அறுக்க வேண்டும். திறந்ததும் ஒரு வாசம் வரும். சோப்பு, அத்தர், பவுடர், பாதாம், தலைவலித் தைலம் எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக் கிடந்து உண்டாகிற வாசம். அதற்கு ஃபாரின் வாசம் என்று பெயர். பிள்ளைகள் பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுப்பார்கள். பெரியவர்கள் தள்ளி உட்கார்ந்தபடியே இழுத்துப் பார்த்து, இவனுக்கு அங்கே சம்பளம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இந்தத் தடவை பெட்டியில் ஒரு டேப், அதாவது டேப்லெட், இருந்தாக வேண்டும். நவாஸின் தங்கை ருக்ஸானா தொண்டியில் வாக்கப்பட்டிருக்கிறாள்; அவள் வீட்டுக்காரருக்குக் கத்தாரில் வேலை. அவள் மகள் ஹுமைரா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். ரிசல்ட் வந்த அன்றே ருக்ஸானா தம்மாமுக்குப் போன் போட்டாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, நீங்க வரும்போது ஹுமைராவுக்கு டேப் கொண்டு வருவீகன்னு மாமி முன்னாடி சொல்லிப்புட்டேன்."

"அதுக்கென்னம்மா, கொண்டு வாரேன். மாமி என்ன சொன்னாக?"

"பாக்கலாம்னாக."

அந்த ஒரு சொல்லில் நவாஸுக்குத் தூக்கம் போய்விட்டது. ருக்ஸானாவின் மாமியார் ஜொஹரா பீவி அதிகம் பேச மாட்டார். பேசினால் அது தைக்கும். முன்பு ஒருமுறை ஹுமைராவுக்குக் கேமரா கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கேமரா படம் போட்ட டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து நின்றார் நவாஸ். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், அந்த டிபன் பாக்ஸில் முறுக்கை வைத்து நீட்டி, "எடுங்க, இதுதான் எம் மருமக காக்கா கொண்டாந்த கேமரா" என்பார் ஜொஹரா பீவி. ருக்ஸானா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தத் தடவையும் வாக்குத் தவறினால் தங்கை அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. நவாஸுக்கு அது ஒன்றுதான் கவலை.

அதனால் அவர் ஒழுங்காகத்தான் எல்லாம் செய்தார். வாரக்கணக்கில் நோட்டீஸ் பார்த்து, ஒரு கடையில் விலை விழுந்த அன்றே போய் டேப்பை வாங்கினார். பேட்டரி உள்ள சாமான் என்பதால் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். கொழும்பில் விமானம் மாறும் இடத்தில் சோதனை. பெல்ட், டேப் இரண்டையும் தட்டில் வை என்றார்கள். வைத்தார். பெல்ட்டைக் கழற்றியதும் பேண்ட் இறங்க ஆரம்பித்தது. அதுவும் ஆஃபரில் வாங்கிய பேண்ட். அவருடைய அளவு தீர்ந்துபோனதால் இரண்டு சைஸ் பெரியதாக எடுத்திருந்தார். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனவர், பாய்ந்து பெல்ட்டை எடுத்தார், மாட்டினார், மானம் பிழைத்தது என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு மதுரை விமானத்துக்கு ஓடினார். டேப் தட்டிலேயே இருந்தது.

மதுரையில் கார் கொண்டுவந்து காத்திருந்தவர் சதக். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், இப்போது வாடகைக்கார் ஓட்டுகிறார். பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோது, "எங்கலே டேப்பு, காட்டு" என்றார். நவாஸ் பையைத் திறந்தார். பிறகு பையைக் கவிழ்த்தார். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, நடந்தத அப்படியே சொல்லிரு. கொழும்புல விட்டுட்டேன்னு சொல்றதுல என்னலே இருக்கு?" என்றார் சதக்.

"யாருலே நம்புவா? கேமராவும் கொழும்புலதான் விட்டீகளான்னு மாமி கேப்பாக. எந் தங்கச்சி என்னலே பதில் சொல்லுவா?"

சதக் யோசித்தார். போனை எடுத்து எதையோ தட்டிவிட்டு நவாஸிடம் நீட்டினார். திருவிழாச் சேல் ஓடிக்கொண்டிருந்தது. அதே டேப். அதே கறுப்பு. தம்மாம் விலையைவிடக் குறைவு. கூடவே உறை இலவசம். இரண்டு நாளில் வீட்டுக்கே வந்துவிடும்.

டேப் தொலைந்ததைக்கூட நவாஸ் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை. எத்தனை வாரம் நோட்டீஸில் வட்டம் போட்டு வைத்தது, எத்தனை கடை ஏறி இறங்கியது! இங்கே ஒருவன் டீ குடித்துக்கொண்டே விரலால் தட்டி அதைவிட மலிவாக எடுத்துவிடுகிறான். "உறை வேற இனாமாலே?" என்று மட்டும் கேட்டார். சதக் வீட்டு முகவரிக்கு ஆர்டர் போனது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தால், எல்லோரும் அவருக்கு முன்பே வந்திருந்தார்கள். ருக்ஸானா, ஹுமைரா, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு ஜொஹரா பீவி. கயிறு கட்டிய அட்டைப் பெட்டியை நவாஸ் தாராளமாகப் பிரித்தார். பால் பவுடர், பாதாம், சோப்பு எல்லாம் கை மாறின. மிச்சம் இருந்தது நம்பர் பூட்டுப் போட்ட சூட்கேஸ்.

"டேப்பு அதுலதான் இருக்கு" என்றார் நவாஸ். "ஆனா பாருங்க மாமி, பூட்டு நம்பர் மறந்துபோச்சு."

ஜொஹரா பீவி சூட்கேஸைப் பார்த்தார், நவாஸைப் பார்த்தார். "ஞாபகம் வரட்டும். நாங்க இருந்தே வாங்கிட்டுப் போறோம்" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் பூட்டைத் திருகினார்கள். ஹுமைரா ஒன்றிலிருந்து வரிசையாக ஆரம்பித்தாள். நவாஸ் அவளை ஐஸ்கிரீம் வாங்க அனுப்பினார். ராமநாதபுரத்தில் பூட்டுத் திறக்கிற ஆள் இருக்கிறான், கூப்பிடுங்கள் என்றார் ஜொஹரா பீவி. ஃபாரின் பூட்டு, உடைத்தால் வாரண்டி போய்விடும் என்றார் நவாஸ். கடைசியில் மெஹருன்னிசா வெட்கப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்து, தங்கள் நிக்காஹ் தேதியைப் போட்டாள். திறக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

நவாஸ் பின்னாலேயே ஓடினார்.

"அப்ப அது யாரு தேதி?" என்றாள் மெஹருன்னிசா, திரும்பிப் பார்க்காமல்.

"அல்லா மேல ஆணையா யாரு தேதியும் இல்லடி. மூணு சைபர். வாங்கும்போது இருந்ததுதான், மாத்தவே இல்ல." பிறகு கொழும்பு, பெல்ட், பேண்ட் எல்லாவற்றையும் கொட்டினார். மெஹருன்னிசா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அது வரட்டும். உள்ள வைக்கிறது எம் பொறுப்பு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் மனைவியை நவாஸுக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

டேப் சொன்ன நாளில் வந்தது. பார்சல் கொண்டுவருகிற வீரமணி சதக் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியில் ரூபாயில் விலை ஒட்டியிருந்தது. உரித்தால் அட்டையும் சேர்ந்து கிழியும் போலிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துச் சுரண்டினார்கள். விலை போனது, எண்ணெய்க் கறை வந்தது. அடியில் இந்தியாவில் செய்தது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்ததை என்ன செய்வது? நவாஸ் கொண்டுவந்த பேரீச்சம்பழப் பெட்டியிலிருந்து அரபி எழுத்துப் போட்ட ஒரு ஸ்டிக்கரை உரித்து, சதக் அதன்மேல் ஒட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெட்டியைத் திறக்கவில்லை, சீல் உடையாமல் இருந்தால்தானே புதுசு.

"ஏலே, மோந்து பாரு" என்றார் நவாஸ்.

சதக் மோந்தார். "தலைக்குத் தேச்சுக் குளிக்கிறாப்ல இருக்கு."

அன்று ஜொஹரா பீவி லுஹர் தொழ நின்ற நேரத்தில், மெஹருன்னிசா சூட்கேஸைத் திறந்து, டேப்பைச் சோப்புக்கும் பவுடருக்கும் நடுவில் புதைத்து, மேலே அத்தர் தெளித்து மூடினாள். சாயங்காலம் வரை ஊறட்டும் என்று விட்டார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் இருந்தபோது நவாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மூணு சைபர்!"

"இதையா மறந்தீக?" என்றார் ஜொஹரா பீவி.

சூட்கேஸ் திறந்தது. வாசம் கூடத்தை நிறைத்தது. ஹுமைரா பாய்ந்து டேப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ருக்ஸானா அண்ணனைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும், இதற்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம் என்று நவாஸுக்குத் தோன்றியது. ஜொஹரா பீவி பெட்டியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். நீளமாக இழுத்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். நவாஸுக்கு உயிர் வந்தது.

அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. மதரஸாவில் ஓதிய பிள்ளை அல்லவா, ஹுமைரா பெட்டியைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "மாமா, இதுல பேரீச்சம்பழம்னு போட்டிருக்கு!"

"அங்கன அப்படித்தாம்மா" என்றார் நவாஸ், தானே நம்புகிற குரலில். "பேரீச்சம்பழம் விக்கிற கடையிலதான் டேப்பும் விப்பான். எல்லாத்துக்கும் ஒரே ஸ்டிக்கர்." சதக் இருமிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

டேப்பைத் திறந்தார்கள். சார்ஜ் இல்லை. "அடாப்டர எடுத்துக் குடும்மா" என்று ஜொஹரா பீவி சொல்ல, மெஹருன்னிசா ஸ்விட்ச் போர்டு பக்கம் தொங்கிய அடாப்டரைக் கழற்றினாள். அது இல்லாமல் இந்தக் கரையில் எந்த வீடும் இல்லை. அரபு நாட்டுச் சாமானுக்கெல்லாம் தடித்தடியாக மூன்று சதுரப் பின்; நம் ஊர் பிளக்கில் நுழையாது. அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஷேவிங் மெஷின் எது வந்தாலும் அடாப்டரில் மாட்டித்தான் சொருக வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இங்கே அது தெரியும்.

"வேணாம் மாமி" என்று மெஹருன்னிசாவைத் தடுத்தாள் ஹுமைரா. "இதுல ரெண்டு உருண்டப் பின்தான் இருக்கு. நேராப் போயிருச்சு."

பிளக்கில் அலுங்காமல் உட்கார்ந்திருந்த சார்ஜரை எல்லோரும் பார்த்தார்கள். நவாஸ் தரையைப் பார்த்தார். ரூபாயைச் சுரண்டினோம், இந்தியாவை மறைத்தோம், அத்தர் தெளித்தோம், பின்னை மறந்துவிட்டோமே! ருக்ஸானாவின் முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்துச் சுவர்க் கடிகாரம் தம்மாமின் அசருக்குப் பாங்கு சொன்னது. அந்த வீட்டில் அப்போது தம்மாமுக்கு உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

பாங்கு முடியும் வரை ஜொஹரா பீவி தலையில் துணியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு பேசினார்.

"இப்பல்லாம் நம்ம நாட்டுக்குன்னே உருண்டப் பின்னாப் போட்டு அங்கன விக்கிறாக. எம் மவன் போன்ல சொன்னான். நல்லதாப் போச்சு, அடாப்டர் தேட வேணாம்." மருமகள் பக்கம் திரும்பினார். "ஒங்க காக்கா நல்ல சாமானா பாத்துத்தான் வாங்கியாந்துருக்காரு."

நவாஸுக்கு நெஞ்சு லேசானது. ஆனால் புரியவில்லை. ஐந்து வருஷமாக ஒரு கேமராவை விடாதவர், கையும் களவுமாகச் சிக்கிய டேப்பை ஏன் விட்டார்?

தொண்டிக்குக் கிளம்பும்போது சதக் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தார். ஜொஹரா பீவி நவாஸைக் கொல்லைப் பக்கம் வரச் சொன்னார்.

"தம்பி, அந்த ஆஃபரு எந்தப் போன்ல வருது?"

நவாஸ் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். "மாமி, கொழும்புல நெசமாவே..."

"அத விடுங்க." அவர் குரல் இறங்கியது. "எம் மவனுக்குக் கத்தார்ல வேல போயிருச்சு. அடுத்த மாசம் வாரான். பெட்டியில வைக்கக் கூட ஒண்ணுமில்லன்னு எங்கிட்ட அழுதான் தம்பி. ருக்ஸானாவுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். அவ வீட்டுக்காரன் பெட்டி லேசா இருந்தா அவளுக்குத்தான தலகுனிவு? நீங்களே சாமானெல்லாம் வாங்கி, மதுரையில அவன் எறங்குனதும் பெட்டியில அடுக்கிக் கூட்டியாந்துருங்க." நாலு எட்டு நடந்தவர் திரும்பினார். "பின்ன மட்டும் பாத்து வாங்குங்க."

"சரி மாமி, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் நவாஸ். இத்தனை வருஷம் இந்த மனுஷியைக் கண்டா தங்கச்சிக்காகப் பயந்தோம் என்று இருந்தது.

ஜொஹரா பீவி காரில் ஏறி உட்கார்ந்தார். ஏறப்போன ருக்ஸானா, வெற்றிலைப் பெட்டியை உள்ளே விட்டுவிட்டேன் என்று சொல்லித் திரும்பி ஓடி வந்தாள். அது காரில்தான் இருந்தது என்பது நவாஸுக்குத் தெரியும். அவர்தான் எடுத்து வைத்தார்.

"காக்கா, டேப்பு இங்கன வாங்குனதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். அண்ணி சொல்லிட்டாக. அதுக்கு இல்ல." மூச்சு வாங்கினாள். "அவுகளுக்குக் கத்தார்ல வேல இல்ல காக்கா. எங்கிட்ட மட்டுந்தான் சொல்லிருக்காக. மாமிக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாக, இந்த வயசுல தாங்க மாட்டாக. அவுக வாரப்ப பெட்டி நெறஞ்சு இருக்கணும். நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்."

நவாஸ் வாயைத் திறந்தார். மாமிக்குக் கொடுத்த வாக்கு வாயை மூடியது. "நான் பாத்துக்கிறேன்மா" என்றார். ருக்ஸானா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெற்றிலைப் பெட்டி கிடைத்ததா என்று ஜொஹரா பீவி மடியில் அதை வைத்துக்கொண்டே கேட்டார். கிடைத்தது மாமி என்றாள் ருக்ஸானா. கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பும் வரை நவாஸ் வாசலிலேயே நின்றார்.

உள்ளே வந்து போனைத் திறந்தார். திருவிழாச் சேல் மதியத்தோடு முடிந்திருந்தது. ஒரு சாமானிலும் பழைய விலையை அடித்துப் புது விலை போடவில்லை. ஒரே விலைதான், முழு விலை. நவாஸ் விரலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு அத்தர், பவுடர், பாதாம், மாமிக்கு ஒரு கம்பளி, தங்கைக்கு ஒரு மிக்ஸி என்று ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார்.

மெஹருன்னிசா டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "மறுபடியும் ஆஃபரா? எவ்வளவு தள்ளுபடி?"

"பாதிக்குப் பாதி" என்றார் நவாஸ், போனைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு.